குட்டை மாடுகளும் கலப்பினச் சேர்க்கையும்

தோள்பட்டை உயரம் ஒரு மீட்டருக்குக் கீழேயோ அதை ஒட்டியோ நின்றுவிடும் மாட்டினங்கள் உலகில் மிகச் சிலவே. கேரளத்தின் வெச்சூர், ஆந்திரத்தின் புங்கனூர், கர்நாடக மலைநாட்டின் மலநாடு கிட்டா, அயர்லாந்தின் டெக்ஸ்டர் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. வெச்சூர்ப் பசுவின் சராசரி உயரம் 90 சென்டிமீட்டருக்குக் குறைவு. எடை ஏறத்தாழ 130 கிலோ. புங்கனூர் மாடு 70 முதல் 90 சென்டிமீட்டர் வரை வளரும். டெக்ஸ்டர் பசு சற்றே உயரம், 92 முதல் 107 சென்டிமீட்டர். இவை பிறந்த நிலங்கள் வேறு, வளர்த்த மக்கள் வேறு. ஆனாலும் இவற்றுக்கு நேர்ந்தது ஒன்றுதான். பால் போதவில்லை, உடம்பு போதவில்லை என்று பெரிய இனக் காளைகளோடு சேர்க்கப்பட்டு எண்ணிக்கையில் சுருங்கின. மதிப்புக் கூடிய பிறகு, இன்னும் சிறிதாக வேண்டும், கொம்பில்லாமல் வேண்டும் என்று மறுபடியும் கலப்புக்கு ஆளாகின்றன. குட்டை இனத்தைக் கலக்கலாமா என்ற கேள்வி வளர்ப்போரிடையே கசப்பான சண்டைகளை எழுப்பியிருப்பது இதனால்தான்.

சிறிய உடம்பு குறையால் வந்ததன்று. வெச்சூர் மாடு வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய, வைக்கத்துக்கு அருகிலுள்ள வெச்சூர் என்ற ஊரின் பெயரைக் கொண்டது. வயலும் நீரும் தென்னந்தோப்புமாக உள்ள அந்த மண்ணில் மேய்ச்சல் நிலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வரப்புப் புல்லும் வைக்கோலும் வீட்டுக் கழுநீரும்தான் தீவனம். அவ்வளவில் உயிர்வாழ்ந்து, கன்று ஈன்று, நாளுக்கு 2 அல்லது 3 லிட்டர் பாலும் தருகிற மாடுதான் அங்கு நிலைத்தது. எடையோடு ஒப்பிட்டால் சிறிய உடம்புக்குத் தோற்பரப்பு அதிகம். உடல் வெப்பம் எளிதில் வெளியேறும். ஈரமும் புழுக்கமும் நிறைந்த கடலோரத்தில் இது பெரிய வசதி. தென்மேற்கு அயர்லாந்தின் கெர்ரி மலைப்பகுதியில் குத்தகைக் குடியானவர்கள் வளர்த்த டெக்ஸ்டரும் ஏழை நிலத்தின் மாடுதான். மெலிந்த மேய்ச்சலில் பாலும் இறைச்சியும் ஒருசேரத் தந்ததால் அது அந்தக் குடும்பங்களுக்கு ஏற்றதாக இருந்தது.

குட்டைத்தன்மை இரு வகை

கலப்பின் விளைவுகளைப் புரிந்துகொள்ள, குட்டைத்தன்மை இரண்டு வெவ்வேறு வழிகளில் வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வெச்சூர், புங்கனூர் போன்றவற்றில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து உடம்பு முழுவதையும் அளவோடு சிறிதாக்குகின்றன. கால், முதுகு, தலை எல்லாம் ஒரே விகிதத்தில் சிறியவை. இத்தகைய மாட்டைப் பெரிய இனத்தோடு சேர்த்தால் கன்று இடைப்பட்ட அளவில் வளரும்; ஒரே தலைமுறையில் அந்த இனத்தின் உருவம் கலைந்துவிடும்.

டெக்ஸ்டரில் இதோடு இன்னொன்றும் உண்டு. அந்த இனத்தின் ஒரு பகுதி மாடுகளில் குருத்தெலும்பு வளர்ச்சியைக் குலைக்கும் மரபணுப் பிழை இருக்கிறது. அதன் ஒரு பிரதி மட்டும் வந்தால் மாடு குட்டைக்காலோடு, அகன்ற உடம்போடு, நலமாக வாழும். தாய் தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால் கன்று உருக்குலைந்து, பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் கருச்சிதைவாகிவிடும். ஆங்கிலேயர் இதைப் ‘புல்டாக் கன்று’ என்பர். இரண்டு குட்டைக்கால் டெக்ஸ்டர்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு கரு இப்படிப் போகும். இரண்டு பங்கு குட்டைக்காலாகவும் ஒரு பங்கு நெட்டைக்காலாகவும் பிறக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வாளர் கண்ட விகிதம் இது. பிழை எந்த மரபணுவில் உள்ளது என்பது 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் உறுதியானது. அதன் பின் மயிர் மாதிரியைக் கொண்டே சோதித்துவிடலாம் என்றாயிற்று.

இந்த இரண்டாம் வகைக் குட்டைத்தன்மை கலப்பில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஒரே ஒரு மரபணு என்பதால், எந்த இனத்தோடு சேர்த்தாலும் கன்றுகளில் பாதிக்கு அது அப்படியே போய்ச் சேரும். சிறிய மாட்டை விரைவில் உண்டாக்க விரும்புவோருக்கு இது குறுக்குவழியாகத் தெரிவதும், இனத்தைக் காக்க விரும்புவோருக்கு அச்சமூட்டுவதும் இந்தக் காரணத்தால்தான்.

வெச்சூர்: அரசே நடத்திய கலப்பு

குட்டை இனங்களின் கலப்பு வரலாற்றில் கேரளத்துக்குத் தனி இடம் உண்டு. வேறிடங்களில் சந்தையும் வளர்ப்போரின் விருப்பமும் செய்ததை அங்கே சட்டம் செய்தது. 1961-ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாமல் காயடிக்காத காளையை வைத்திருப்பதைத் தடை செய்தது. நாட்டுக் காளைக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஊர் ஊராகக் காயடிப்பு நடந்தது. 1963-இல் சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் ஒரு திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளைகளின் விந்து நாட்டுப் பசுக்களுக்குச் செலுத்தப்பட்டது. பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இரத்தமும் சேர்ந்தது. ‘சுனந்தினி’ என்று பெயர் பெற்ற கலப்பினம் இப்படி உருவானது. இன்று கேரளத்து மாடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கலப்பினமே.

இதை வெறும் அழிப்பு வேலையாகக் காட்டுவது நியாயமன்று. அன்று கேரளத்தில் பால் பற்றாக்குறை உண்மையானது. கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்த குடும்பத்துக்கு ஒரு கலப்பினப் பசு பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் தந்தது. நாட்டுப் பசு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் கறக்கும் இடத்தில் அதன் கலப்பின மகள் நான்கைந்து மடங்கு கறந்தது. தூர இனங்கள் சேரும்போது முதல் தலைமுறைக்குக் கிட்டும் கலப்பு வீரியமும் இதற்குத் துணை நின்றது: விரைந்த வளர்ச்சி, சீக்கிரம் பருவத்துக்கு வருதல், தாயைவிடத் தாராளமான கறவை. சினை ஊசி போடவந்தவரை மக்கள் விரும்பியே வரவேற்றார்கள்.

தொல்லை அடுத்த தலைமுறையில் தொடங்கியது. முதல் தலைமுறைக் கலப்பினங்களைத் தங்களுக்குள் சேர்க்கும்போது அந்த வீரியம் பாதியாகக் குறையும். அயல் இரத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ வெப்பம் தாங்காது. கோமாரியும் மடிநோயும் உண்ணிக் காய்ச்சலும் கடுமையாகத் தாக்கும். அடர்தீவனம் குறைந்தால் பால் வற்றும். அயல் மரபு பாதியளவிலிருந்து 62.5 விழுக்காட்டுக்குள் நிற்பதே இந்தியச் சூழலுக்கு ஏற்றது என்று இனப்பெருக்க வல்லுநர் பரிந்துரைத்தது இதனால்தான். ஆனால் பரிந்துரை காகிதத்தில் இருக்கும். கொட்டகையில் நிற்கிற பசுவின் பாட்டிக்கு எந்தக் காளையின் விந்து போடப்பட்டது என்பது எவருக்கும் நினைவிருப்பதில்லை.

கன்று ஈனும் சிக்கலைப் பற்றிய பேச்சும் இங்கே வரும். பத்துக் கிலோ அளவிலான கன்றை ஈனும் பசுவுக்கு நாற்பது கிலோ கன்று ஈனும் இனத்தின் விந்தைச் செலுத்தினால் பசு பிழைக்குமா என்பது வளர்ப்போரின் இயல்பான பயம். 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் இருவரும் பெருங்குதிரையான ஷயரையும் மட்டக்குதிரையான ஷெட்லாண்டையும் இருபுறமும் மாற்றிச் சேர்த்துப் பார்த்தனர். பிறந்த குட்டியின் அளவு பெரிதும் தாயின் அளவை ஒட்டியே இருந்தது. சிறிய தாயின் கருப்பை குட்டியின் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைத்தது. மாடுகளிலும் தாயின் பிடி ஓரளவு உண்டு. ஆனால் முழுக் காப்பு இல்லை. முதல் ஈற்றுக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையைச் சேர்ப்பது ஆபத்து என்ற அனுபவ அறிவு சரியானதே. தலைகீழான சேர்க்கைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பிரிட்டனில் பெரிய இனக் கிடேரிகளின் முதல் ஈற்றுக்கு டெக்ஸ்டர் காளையைப் பயன்படுத்துவது கன்று எளிதில் பிறக்கும் என்பதற்காகவே.

1980-களின் இறுதியில் வெச்சூர் மாடு ஏறத்தாழ மறைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1989-இல் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் கோட்டயம் பகுதி வீடுகளில் தேடி, எஞ்சிய சிலவற்றைச் சேகரித்துப் பெருக்கத் தொடங்கினர். வம்சாவளிப் பதிவு எதுவும் கிடையாது. தோற்றமும் அளவும் முதியோரின் நினைவும்தான் சான்று. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கண்காணிப்புப் பட்டியலில் வெச்சூர் மிக அபாய நிலையிலுள்ள இனமாக இடம்பெற்றது. ஐப்புக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அரசுத் துறையின் கொள்கையை எதிர்த்து, அதே அரசின் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு செய்த வேலை என்பதால், இந்தியக் கால்நடை வரலாற்றின் துணிச்சலான முயற்சிகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

ஓர் இனம் எப்படி மறைகிறது

கலப்பினக் கன்று பிறப்பதால் மட்டும் ஓர் இனம் அழிந்துவிடாது. அந்தப் பசுவின் கருப்பையில் அந்த ஆண்டு பிறந்திருக்க வேண்டிய தூய கன்று பிறக்காமல் போவதுதான் இழப்பு. கணக்கு எளியது. ஒரு பசு தன் வாழ்நாளில் ஐந்து கன்று ஈனுவதாக வைத்துக்கொண்டால், அவற்றில் இரண்டு அல்லது மூன்றுதான் கிடேரி. அவற்றிலும் நோயில் போனது, மலடானது, விற்றது கழிந்து, தாயின் இடத்தை நிரப்ப ஒன்றாவது நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று ஈற்றாவது தூய இனக் காளைக்குச் சேர வேண்டும். மீதி இரண்டு ஈற்றைக் கலப்புக்கு விட்டால் இனத்துக்குக் கேடில்லை. ஐந்தையும் விட்டால் ஒரே தலைமுறையில் வரிசை அறுந்துவிடும். ‘ஒரே ஒரு தடவைதான் கலக்கிறேன்’ என்று ஒவ்வொரு வீட்டாரும் சொல்வது தனித்தனியே நியாயமாகவே இருக்கும். எல்லா வீட்டிலும் அதே ஆண்டில் அதே ஊசி விழும்போது ஊரில் தூய கிடேரியே இல்லாமல் போகும்.

காளையின் இழப்பு இதைவிட வேகமாகத் தாக்கும். நூறு பசு இருக்கிறது, இரண்டே காளை இருக்கிறது என்றால், மரபியல் கணக்கில் அந்தக் கூட்டம் எட்டு மாடுகளுக்குத்தான் சமம். காளை பத்தானால் அதே நூறு பசுவுக்கு மதிப்பு முப்பத்தாறாக உயரும். ஐம்பதுக்குக் கீழே போனால் தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் நெருங்கிய உறவுச் சேர்க்கை ஏறுகிறது என்பதால், அந்த எண்ணைப் பாதுகாப்பின் கீழ் வரம்பாகக் கொள்வது வழக்கம். எட்டு என்ற நிலையில் ஏற்றம் ஆறு விழுக்காட்டைத் தாண்டும். சினை பிடிக்காமை, நோஞ்சான் கன்று, மறைந்து கிடந்த பிறவிக் குறைகள் வெளிப்படுதல் ஆகியவை பின்தொடரும். ஆகவே காளைகளைக் காயடித்த கேரளச் சட்டம், பசுக்களைக் கலந்ததைவிடப் பெரிய அடியை இனத்தின் மீது இறக்கியது. பசு பாலுக்காக வீட்டில் நிற்கும். காளைக்கன்றை வைத்துத் தீவனம் போட யாருக்கும் காரணம் இல்லாதபோது, அது முதலில் போய்விடுகிறது.

இதே உறவுச் சேர்க்கைச் சிக்கல்தான் கலப்பை ஆதரிப்போருக்கும் ஒரு வலுவான வாதத்தைத் தருகிறது. மிகச் சுருங்கிப்போன இனத்துக்குள் வெளி இரத்தம் கொஞ்சம் வராவிட்டால் அது நலிந்தே அழியும் என்பர் அவர்கள். அதைச் செய்யும் முறை திருப்பிச் சேர்த்தல். கலப்பினக் கிடேரியைத் தூய காளைக்குச் சேர்த்தால் மகளுக்கு முக்கால் பங்கு, பேத்திக்கு எட்டில் ஏழு, அடுத்ததற்குப் பதினாறில் பதினைந்து என்று இனத்தின் பங்கு திரும்ப ஏறும். தலைமுறைக்கு மூன்று ஆண்டு என்றாலும் ஒன்பது ஆண்டாவது பொறுமையும் பதிவும் வேண்டும்.

டெக்ஸ்டர்: பதிவேட்டைச் சுற்றிய சண்டை

வளர்ப்போரின் உணர்ச்சிகள் மிகத் தெளிவாக எழுத்தில் பதிந்திருப்பது டெக்ஸ்டர் இனத்தில்தான். 1890-இல் டப்ளினின் அரச கழகம் கெர்ரி இனத்துக்கும் டெக்ஸ்டருக்கும் வம்சாவளிப் பதிவேடு தொடங்கியது. அதற்குச் சில ஆண்டு முன்பே, 1882-இல், இந்த மாடுகள் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தன. அமெரிக்காவுக்குப் பதிவான முதல் இறக்குமதி 1905-இல். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணிக்கை மிகவும் விழுந்தது. 1970-களில் சிறு நிலத்தில் தன்னிறைவாக வாழ விரும்பியோர் பெருகியபோது டெக்ஸ்டருக்கு மறுவாழ்வு கிட்டியது. பிரிட்டனில் அரிய இனப் பாதுகாப்பு அறக்கட்டளை 1973-இல் அமைந்ததும் இதற்கு உதவியது.

எண்ணிக்கையைக் கூட்ட, பிரிட்டனில் கலப்பினக் கிடேரிகளைத் துணைப் பதிவேட்டில் சேர்த்து, தொடர்ந்து டெக்ஸ்டர் காளைக்கே சேர்த்து, சில தலைமுறைக்குப் பின் முழுப் பதிவுக்கு ஏற்றும் ‘மேல்நோக்கிச் சேர்த்தல்’ என்ற வழி இருந்தது. அப்படி நுழைந்த மாடுகளின் சந்ததிகள் பின்னாளில் பல நாடுகளுக்கும் பரவின. 1990-களில் இங்கிலாந்தில் பிறந்த சால்டேர் பிளாட்டினம் என்ற மோழைக் காளையின் விந்து அமெரிக்காவுக்குப் போனது. கொம்பில்லாத கன்று வேண்டும் என்று விரும்பியோர் அதை ஆவலோடு வாங்கினர். கொம்பைச் சுடும் கொடுமை இல்லை, குழந்தைகள் அருகில் போகலாம், விலையும் கூடுதல் என்பது அவர்கள் நியாயம். மறுதரப்பு கேட்டது வேறு: கெர்ரி மலைகளிலிருந்து வந்த கொம்புள்ள மாட்டில் மோழைத்தன்மை எங்கிருந்து வந்தது? மேல்நோக்கிச் சேர்த்த ஏதோ ஒரு மூதாதை வழியாகத்தானே? ஒரு மரபணு தெரிகிறது, அதோடு தெரியாமல் வந்தவை எத்தனை?

இந்தச் சண்டை அமெரிக்காவில் தனித்தனிச் சங்கங்களாகவே பிரிந்தது. மேல்நோக்கிச் சேர்த்த முன்னோர் எவரும் இல்லாத பழைய வழி மாடுகளை மட்டும் ஏற்கும் பதிவேட்டைச் சிலர் தனியே அமைத்தனர். மற்றவர்கள் அதை மேட்டிமை என்றனர். ஒரு தரப்புக்குப் பதிவுச் சான்று என்பது பலர் தலைமுறைகளாக எழுதிவைத்த உண்மையின் தொடர்ச்சி; அதில் ஒரு வரி பொய்யானால் மேலே உள்ள அனைத்தும் ஐயத்துக்கிடமாகும். இன்னொரு தரப்புக்குத் தன் கண் முன் நிற்கும் நல்ல பசுவை, அதன் எட்டாம் தலைமுறைப் பாட்டியைக் காட்டித் தள்ளிவைப்பது அநீதி. இரண்டுமே மாட்டின் மீதான பற்றிலிருந்து வருபவை என்பதால்தான் சமாதானம் கடினமாகிறது.

குட்டைக்கால் பிழையைப் பற்றியும் இவ்வாறே கருத்து பிளந்தது. அதுதான் டெக்ஸ்டரின் அடையாளம், சோதித்துச் சேர்த்தால் ஒரு கன்றும் சாகாது என்போர் ஒருபுறம். இங்கிலாந்தில் உட்மேஜிக் மந்தையை வளர்த்த பெரில் ரதர்ஃபோர்ட் போன்றோர் மறுபுறம். அந்தப் பிழை இல்லாமலேயே சிறிய மாட்டைத் தேர்ந்தெடுத்து வளர்க்க முடியும் என்று பல பத்தாண்டு உழைப்பால் அவர் காட்டினார். வெளி இனம் எதையும் கலக்காமல் பொறுமையான தேர்வினால் மட்டும் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லோலைன் மாடும் சான்று. நியூ சவுத் வேல்ஸின் டிராங்கி ஆய்வுப் பண்ணையில் 1974-இல் தொடங்கிய வளர்ச்சிவேகச் சோதனையில், மெதுவாக வளரும் ஆங்கஸ் மாடுகளையே திரும்பத் திரும்பத் தேர்ந்ததில் அந்தச் சிறிய இனம் கிடைத்தது.

சிறுமைக்காகச் செய்யும் கலப்பு

அமெரிக்கச் சந்தையில் ‘மினி’ மாடுகளுக்கு எழுந்த தேவை கலப்பின் திசையையே மாற்றியது. டெக்ஸ்டரை ஜெர்சியோடு சேர்த்து வீட்டுக் கறவைக்கு ஏற்ற சிறு பசு, ஹைலாண்டோடு சேர்த்துச் சடைமயிர்க் குட்டை மாடு என்று புதிது புதிதாகப் பெயர்கள் வந்தன. முதலாவது வகையில் உண்மையான பயன் உண்டு: ஒரு குடும்பத்துக்குப் போதுமான பால், குறைந்த தீவனம், கையாளத் தக்க அளவு. இரண்டாவது பெரிதும் அழகுக்காக. டெக்ஸ்டர் வழியே குட்டைக்கால் மரபணு இந்த மினி இனங்களுக்குள் சத்தமின்றி நுழைந்தது. வாங்குபவர் தன் மினி ஹைலாண்டு பசுவைக் குட்டையான இன்னொரு மினி காளைக்குச் சேர்க்கிறார்; இரண்டிலும் பிழை இருப்பது அவருக்குத் தெரியாது; கரு சிதைந்து விழும்போதுதான் தெரிகிறது. விற்றவர் ஒரு சோதனைக்குச் செலவழித்து உண்மையைச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் இது.

தென்னிந்தியாவில் இதே போக்கைப் புங்கனூர் சந்திக்கிறது. சித்தூர்ப் பகுதியின் இந்த மாடு ஒருகாலத்தில் பலமனேர் அரசு ஆய்வுப் பண்ணையையும் சில வீடுகளையும் நம்பியே பிழைத்திருந்தது. பாலின் கொழுப்பு 8 விழுக்காடு வரை இருக்கும் என்பது அதன் புகழ். 2024 ஜனவரியில் சங்கராந்தியையொட்டிப் பிரதமர் தன் இல்லத்தில் புங்கனூர் மாடுகளுக்குத் தீவனம் ஊட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. தேவை பன்மடங்கு ஏறியது. விலை லட்சங்களில் பேசப்படுகிறது. சென்னை, கோவை, பெங்களூரு வீடுகளின் முன்கூடத்தில் முழங்கால் உயரக் கன்றுகள் நிற்கின்றன. உயரம் ஒவ்வோர் அங்குலம் குறையக் குறைய விலை ஏறும் சந்தையில், வேறு குட்டை மாடுகளைக் கலந்து பெற்ற கன்றைப் புங்கனூர் என்று விற்கும் தூண்டுதல் தவிர்க்க முடியாதது. வெச்சூர், மலநாடு கிட்டா, பெயரில்லாத நாட்டுக் குட்டை எல்லாம் கன்றுப் பருவத்தில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரிய இனத்தோடு நடந்த கலப்பாவது கண்ணுக்குத் தெரிந்தது. குட்டைக்குள் குட்டையாக நடக்கும் இந்தக் கலப்பு தெரிவதே இல்லை. மூன்று இனங்கள் ஒரே நேரத்தில் ஒன்றில் ஒன்று கரையும் அபாயம் இதில் இருக்கிறது. அளவை மட்டும் பார்த்து மிகச் சிறியதையே மிகச் சிறியதோடு சேர்ப்பதால் கறவையும் கன்று ஈனும் திறனும் பின்னுக்குப் போவது இன்னொரு கேடு. உழைத்து வாழ்ந்த ஒரு வீட்டு மாட்டைப் பொம்மையாக்குவது அதைக் காப்பதாகாது.

வளர்ப்போர் எப்படிப் பார்க்கிறார்கள்

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மாடு வளர்ப்போரின் மனநிலையை அவர்களுடைய நிலைமைதான் பெரிதும் தீர்மானிக்கிறது. பால் சங்கத்துக்கு ஊற்றி வாழும் குடும்பத்துக்குக் கலப்பினம் என்பது விவாதத்துக்குரிய கொள்கை அன்று. மாதக் கடைசியில் கிடைக்கும் பணம். அவர்களிடம் நாட்டு மாட்டின் பெருமையைப் பேசிக் குற்றவுணர்வு ஊட்டுவது பயனற்றது, சரியுமன்று. வயதான வளர்ப்போரிடம் வேறொரு வருத்தம் கேட்கும். ஜெர்சியைக் கட்டியபின் வீட்டுக்கு மருத்துவர் வராத மாதமில்லை, பழைய குட்டைப் பசு வைத்தியம் பார்க்காமலே பதினைந்து ஈற்று ஈன்றது என்பார்கள். அந்தப் பசுவை விற்றது தாங்களே என்பதால் அந்தச் சொல்லில் வலியும் இருக்கும்.

புதிதாக நாட்டு மாடு வாங்கும் நகரத்தாரிடம் தூய்மைப் பற்று மிகுதி. நாட்டுப் பசுவின் பால் மருந்து என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். நம் நாட்டினங்களின் பாலில் ஏ2 வகைப் புரதம் மிகுந்திருப்பது உண்மை. அதனால் பல நோய்கள் தீரும் என்று விளம்பரங்கள் சொல்வது நிறுவப்பட்டதன்று. ஓர் இனத்தைக் காக்கும் நியாயத்தை நிறுவப்படாத மருத்துவக் குணத்தின் மீது கட்டினால், அந்தக் குணம் பொய்த்த நாளில் இனமும் கைவிடப்படும்.

தமிழ்நாட்டில் குட்டை இனம் என்று பதிவான மாடு இல்லாவிட்டாலும் இதே மனப்போக்குகள் இங்கும் காணக் கிடைக்கின்றன. 2017-இன் சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி என்ற பெயர்கள் நகரத்து இளைஞர் வாயிலும் புழங்கத் தொடங்கின. 2019-இல் தமிழ்நாடு சட்டமன்றம் மாட்டின இனப்பெருக்கச் சட்டத்தை நிறைவேற்றியபோது, பொலிகாளைகளைப் பதிவு செய்து சான்று பெற வேண்டும் என்ற விதியை நாட்டு மாட்டு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். நோயற்ற தரமான விந்துதான் நோக்கம் என்றது அரசு. கோயில் காளையையும் வீட்டுக் காளையையும் நம்பி நடக்கும் ஊர்ச் சேர்க்கை நின்றுவிடும் என்றார்கள் வளர்ப்போர். கேரளத்தின் 1961 அனுபவத்தை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் மிகையாகத் தோன்றாது.

கலப்பையும் காப்பையும் சேர்த்து நடத்தும் வழிகள்

தூய வரிசையும் கலப்பும் ஒரே ஊரில் இருக்க முடியாது என்பது தவறான எண்ணம். பாலுக்காகக் கலப்பு வேண்டுவோர் ஏற்கெனவே கலப்பினமாகிவிட்ட பசுக்களிடமும் இனமறியா மாடுகளிடமும் அதைச் செய்துகொள்ளலாம். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அயலின, கலப்பின மாடுகள் 5 கோடியைத் தாண்டும். எஞ்சிய 14 கோடியிலும் பெரும்பகுதி இன அடையாளம் இல்லாதவை. எண்ணிக்கை குறைந்த குட்டை இனப் பசுவின் கருப்பையைத்தான் கலப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. குட்டை மரபு வேண்டுமென்றால் அந்த இனக் காளையின் உறைவிந்தை வேறு பசுக்களுக்குச் செலுத்தலாம். அதனால் தூய பசு ஒன்றுகூடக் குறையாது. காளைக்கு வருமானமும் வரும். டெக்ஸ்டர் காளையைப் பெரிய கிடேரிகளுக்குச் சேர்ப்பது இப்படிப்பட்ட ஏற்பாடுதான். நாட்டுக் காளையை வைத்திருப்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் கிடைக்க இதைவிட நேரான வழி தெரியவில்லை.

கலப்பினக் கன்றுகளுக்குத் தனிப் பதிவேடு வைப்பது இரண்டாவது தேவை. முதல் தலைமுறைக் கன்று ‘டெக்ஸ்டர்’ என்றோ ‘புங்கனூர்’ என்றோ விற்கப்படாமல், பாதிப் பங்கு என்று எழுத்தில் சொல்லி விற்கப்பட்டால் சண்டையின் பெரும்பகுதி தீரும்; வளர்ப்போரின் கோபம் கலப்பைவிட மறைப்பின் மீதே அதிகம். கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு இனங்களைப் பதிவு செய்கிறது. ஆனால் ஓர் இனத்தின் பெயர் பதிவானால் மட்டும் போதாது, ஒவ்வொரு மாட்டுக்கும் தாய் தந்தை பெயர் எழுதப்பட வேண்டும். காதுத் தோடு எண்ணும் ஈற்றுத் தேதியும் காளையின் பெயரும் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தாலே போதும். மரபணுச் சோதனை அந்த நோட்டைச் சரிபார்க்கும்; நோட்டே இல்லாத இடத்தில் சோதனைக்கு ஒப்பிட எதுவும் இராது.

காளைகளின் எண்ணிக்கையே கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒரே புகழ்பெற்ற காளையின் விந்து எல்லா ஊருக்கும் போவதைவிட, உறவில்லாத பத்துக் காளைகள் பத்து ஊரில் நின்று மூன்று ஆண்டுக்கொருமுறை இடம் மாறுவது இனத்துக்கு நல்லது. உறைவிந்தும் கருவும் சேமித்து வைப்பது காப்புறுதி. திரவ நைட்ரஜன் தொட்டியிலுள்ள குச்சிகள் பல பத்தாண்டு தாங்கும். சேமித்த தூய கருவைக் கலப்பினப் பசுவின் வயிற்றில் வைத்துப் பிறப்பிக்கவும் முடியும். அங்கே கலப்பினமே குட்டை இனத்துக்கு வாடகைத்தாயாக நிற்கிறது. காயடிப்பைக் கட்டாயமாக்கிய அதே கேரளத்தில் இன்று பல்கலைக்கழகப் பண்ணையும் பாதுகாப்பு அறக்கட்டளையும் வெச்சூர்க் காளைகளை வளர்த்து வருகின்றன. அடுத்த வேலை, அந்தக் காளைகளின் விந்து ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஜெர்சி விந்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கச் செய்வதும், எதை வேண்டுமென்று கேட்கும் உரிமையைப் பசுவின் சொந்தக்காரரிடம் விடுவதுமாகும்.